துடக்கு நாளில் வைத்த பை

எந்தச் சாமி குடியிருக்கிறது என்றே தெரியாத ஒரு கோயிலை என் அம்மா இரண்டு வருடம் கூட்டித் துடைத்தாள். எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த வின்டர்தூர் நகரில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய யூதக் குடும்பங்கள் கூடித் தொழுவார்கள். விக்கிரகம் இல்லை, கற்பூரம் இல்லை. என்றாலும் கும்பிடுகிற இடம் கோயில்தான் என்று அம்மா வாசலில் செருப்பைக் கழற்றுவாள். வேலை நாளில் மச்சம் மாமிசம் தொடமாட்டாள். அந்தச் சாமியே கேட்காத விரதம்.

முன்பு புதன்கிழமைகளில், பிள்ளைகளின் சமய வகுப்புக்காக அந்தக் கதவு திறந்தே கிடக்கும். வேறொரு நாட்டில் இப்படியான ஒரு வீட்டுக்குள் யாரோ புகுந்து சுட்டபிறகு பூட்டும் அழைப்புமணியும் வந்தன. பூட்டிய வீட்டுக்குப் புது ஆட்கள் எப்படி வருவார்கள் என்று சபைத் தலைவியான வயதான அம்மையார் வாதாடித் தோற்றாராம்.

அந்த ஐப்பசியில் ஊரில் சித்தப்பாவை ஆமிச் சிப்பாய்கள் சுட்டுக்கொன்றார்கள். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத்தீட்டு. அம்மா அழுது முடிக்குமுன்னே அடுத்த கவலை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அயன் பண்ண வாங்கி வந்திருந்த வெள்ளை மேசைத்துணிகள் வீட்டில் இருந்தன. துடக்கோடு கோயிலுக்குள் கால் வைக்கலாமா? விஷயத்தை விளக்கியிருக்கலாம்தான். ஆனால் வீட்டில் ஜெர்மன் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு வயது ஒன்பது. துடக்குக்கு ஜெர்மனில் என்னவென்று எங்கள் ஆசிரியைக்கே தெரிந்திருக்காது.

அந்தப் புதன்கிழமை, கொழும்பிலிருந்து எங்களோடு வந்த கறுப்புப் பயணப்பையில் அம்மா துணிகளை அடுக்கினாள். ஜிப் உடைந்திருந்ததால் வயர் துண்டு ஒன்றால் இறுக்கிக் கட்டினாள்.

“படியிலை ஏறாதை பிள்ளை. எங்கடை துடக்கு அவையின்ரை சாமிக்குப் படக்கூடாது. வாசலடியிலை வைச்சு, மணியை அடிச்சுப்போட்டு ஓடி வந்திடு. எடுக்கினமோ எண்டு மட்டும் தள்ளி நிண்டு பார்.”

சொல்வழி கேட்கிற பிள்ளை என்று பெயரெடுத்தவள் நான். அப்படியே செய்தேன். மணியை அடித்துவிட்டு ஓடி, எதிரே இருந்த பேக்கரி மூலையில் நின்றேன்.

கதவு திறக்கவில்லை. ஜன்னல் திரை ஒன்று விலகி, உடனே மூடியது. சற்று நேரத்தில் பின்பக்கத்தால் ஆட்கள் வெளியே வந்தார்கள். பிறகு பொலிஸ் வண்டிகள். தெருவின் இரண்டு முனைகளையும் அடைத்தார்கள். ‘குண்டு’ என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததும் நானும் மற்றவர்களோடு சேர்ந்து பதறினேன். எல்லோரும் பார்த்தது எங்கள் பையைத்தான் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது.

எங்கள் அகதிக் கேஸ் இன்னும் முடிந்திருக்கவில்லை. பொலிசோடு சின்னப் பிரச்சினை என்றாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா எங்களுக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டியிருந்தார். நான் வாயைத் திறந்தால் அப்பாவையும் ஆமி சுடும். திறக்காவிட்டால் போவது மேசைத்துணி. எது பெரிதென்று ஒன்பது வயதுக்கும் தெரியும். வீட்டுக்கு ஓடினேன்.

கேட்ட மாத்திரத்தில் அம்மா வீட்டுச் செருப்போடு கிளம்பினாள். நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“வேண்டாம் அம்மா, பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்!”

“பிடிக்கட்டும். அங்கை சின்னப்பிள்ளையள் நிக்குதுகளடி. பயத்திலை செத்துப்போகுங்கள்.”

தடுப்புக்கு அருகே போனதும் என்னை முன்னே தள்ளி, “சொல்லு” என்றாள். பையில் மேசைத்துணி, சித்தப்பா செத்துப்போனார், அதனால் உள்ளே வரவில்லை என்று விக்கி விக்கிச் சொன்னேன். மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று பொலிஸ்காரருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற தலைவிக்கு விளங்கியது. சாவுத்தீட்டுப் பார்க்கிறவர்கள் தங்களிலும் உண்டு என்று அவர்தான் பொலிஸ்காரருக்கு எடுத்துச் சொன்னார்.

வயரை வெட்டினார்கள். நாலாக மடித்த வெள்ளைத்துணி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. தலைவி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உள்ளே வராவிட்டாலும் பரவாயில்லை, இனிமேல் முகம் தெரியும்படி நில்லுங்கள், முகம் தெரிந்தால்தான் எங்களால் கதவைத் திறக்க முடியும் என்றார். நான் தமிழில் சொன்னேன். அம்மா “ஓம், ஓம்” என்று தலையாட்டினாள். பொலிஸ்காரர் எங்கள் பெயரை எழுதிக்கொண்டார். அதை நினைத்து அப்பா மாதக்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை. நல்லவேளை, அதனால் பிரச்சினை ஒன்றும் வரவில்லை.

பிள்ளைகள் திரும்பி வந்தபோது அவர்களில் என் வகுப்புக்காரி ஒருத்தியும் இருந்தாள். எங்கள் பை என்று தெரிந்தும் அவள் கோபிக்கவில்லை. இந்த முறை இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம், போன முறை வெளியே ஓடிப் பழகியபோது மூன்று நிமிடம் எடுத்தது என்று பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு போட்டியும் வைப்பதில்லை.

யார் முதல் என்று கேட்டேன். முதலாவது ஆள் மாறிக்கொண்டே இருக்கும், கடைசி மட்டும் எப்போதும் தன் அப்பாதான் என்றாள். எல்லோரும் போய்விட்டார்களா என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுத்தான் வருவாராம்.

நல்ல மனிதர், ஆனால் ஓட்டப்போட்டிக்கு லாயக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன்.