இருபத்தைந்தாவது வரிசை

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் வனத்துறை சவுக்குத் தோப்பு போட்டபோது நான் அதற்குக் காவல்காரன். எழுபதுகளின் தொடக்கம். பள்ளி இறுதி வரை படித்தவன் என்பதால் வரிசைகளை எண்ணிக் கணக்குச் சொல்வதும் என் வேலை. எண்ணாமல் இருக்க எனக்கு இன்றைக்கும் முடியாது. மாத்திரை அட்டையில் மீதி எத்தனை என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது.

தோப்பில் இருபத்து நான்கு வரிசை. தண்ணீர் ஊற்றக் குப்பத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு வரிசை. மணலில் குழி தோண்டி, ஊறியதைக் குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். கூலி போக இன்னொரு பேச்சும் இருந்தது. மரம் வெட்டும்போது கழி அரசுக்கு. மிலாறு, அதாவது சிறு கிளைகள், தண்ணீர் ஊற்றியவளுக்கு.

கன்றுகள் மிஞ்சியதால் கடல் பக்கம் இருபத்தைந்தாவது வரிசை ஒன்றும் நட்டோம். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியாக வேலைக்கு வந்த ஒருத்திக்கு அது போனது. இட்லி சுட்டு விற்பவள். மழைக்காலத்தில் விறகில்லாமல் அடுப்பு அணைந்தால் அவளும் இரண்டு பிள்ளைகளும் பட்டினி. அந்த மிலாறைத்தான் நம்பியிருந்தாள்.

நாலைந்து வருஷத்தில் மரங்களை இடைவெட்ட உத்தரவு வந்தது. நெருக்கம் குறைந்தால்தான் நிற்கிற மரம் பருக்கும். ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வரிசை வெட்டு, ஒரு வரிசை விடு. ஆளுக்கு ஒன்று விழும், ஒன்று நிற்கும், பங்குக்குப் பொருத்தம்தான். ஆனால் ஒற்றைப்படையெல்லாம் விழுந்தால் இருபத்தைந்தும் விழும். உப்புக்காற்றில் கோணி நின்ற அந்த வரிசைதான் உள்ளே இருந்தவற்றுக்கு மறைப்பு. அது போனால் குடிசைகளிலும் பின்னாலிருந்த கேழ்வரகுக் கொல்லையிலும் மணல் ஏறும். அதிகாரியிடம் சொன்னேன். அவர் நடந்து பார்த்துவிட்டு, கடைசி வரிசையை விட்டுவிடச் சொன்னார்.

பன்னிரண்டு பேரும் மிலாறைக் கட்டித் தூக்கிப் போனார்கள். இட்லிக்காரி மட்டும் வெறுங்கையோடு என்னிடம் வந்தாள்.

"இன்னா அண்ணாத்த, அவுங்க ஊத்துனது தண்ணி, நான் ஊத்துனது இன்னா சாராயமா?"

"உன் வரிசை இருந்தாத்தான்மா மணல் உள்ள வராது."

"மணலு யார் வூட்டுக்கும் வராம இருக்க, நான் ஒருத்தி பட்டினி கெடக்கணுமா?"

நிற்கிற மரத்தின் சருகு முழுக்க உனக்கு, வருஷா வருஷம் வாரிக்கொள் என்றேன். அரை மனதாகப் போனாள்.

காற்றைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இருபத்தைந்தில் உதிர்ந்த சருகையெல்லாம் அது இருபத்து நாலுக்குத் தள்ளியது. அந்த வரிசைக்காரி சாவகாசமாக வாரிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, அது எம் மரத்துச் சருகு."

"எம் வரிசையிலதான கீது? காத்து கொண்டாந்து போட்டுச்சு. போயி காத்தாண்ட கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வரிசையை எண்ணலாம், சருகை எந்த மரத்துடையது என்று எப்படி எண்ணுவது? இட்லிக்காரி சாக்கை உதறிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால், இரண்டு வரிசைக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்குப் படல். கூரையிலிருந்து கழித்த பழைய பனையோலையைக் குச்சிகளில் கட்டி நெடுக நிறுத்தியிருந்தாள். சருகு அதில் போய் அடைந்தது. கூடவே மணலும் அடைந்தது. மணலைச் சலித்துவிட்டுச் சருகைச் சாக்கில் திணித்தாள். வேரடியில் கொஞ்சம் விட்டு வாரு, மரத்துக்கும் வேண்டும் என்று நான் தினமும் நச்சரித்தேன்.

"உனுக்கு எம் மாமியாளே தேவல அண்ணாத்த," என்பாள். ஆனால் விட்டுத்தான் வாரினாள்.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் அடுப்பு எரிந்தது. அடுத்த வருஷம் படல் பாதி புதைந்துவிட்டது. அதன் மேலேயே இன்னொன்று கட்டினாள். கொல்லைக்கு வரவேண்டிய மணல் அங்கேயே மேடாகிக்கொண்டிருந்தது. அதிகாரி வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார். வடக்கே அடுத்த தோப்பு போட்டபோது, கன்று நடும் முன்பே கடல் பக்கம் படல் கட்டச் சொன்னார்.

அங்கே கடலோர வரிசை யாருக்கு வேண்டும் என்று கேட்டேன். முதல் ஆளாகக் குடத்தோடு முன்னால் வந்து நின்றவள், காற்றிடம் போய்க் கேட்கச் சொன்னவள்தான்.