கம்பைலருக்கு வைத்த சந்தனப் பொட்டு

என் மாமனாருக்குச் சிவப்புப் புள்ளியைக் கண்டால் ஆகாது. கைப்பேசித் திரையில் ஏதாவது ஒரு செயலிப் படத்தின் மூலையில் சிவப்பாக ஓர் எண் நின்றால், அதை ஒரு வழி பண்ணாமல் அவருக்குச் சோறு இறங்காது. மேசைமேல் கோப்பு தங்கவே விடாதவர் என்று அரசு அலுவலகத்தில் பெயர் வாங்கி ஓய்வு பெற்றவர். பாவம், வீட்டில் கோப்பு ஏது? அதனால் சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி முதல் அத்தையின் கைப்பேசி வரை எல்லாமே எப்போதும் புத்தம்புதுப் பதிப்பில்தான் ஓடும். தப்பித்தது என் மடிக்கணினி ஒன்றுதான். மகளின் செல்லப்பெயர்தான் அதன் கடவுச்சொல் என்பது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, அந்த மடிக்கணினியில்தான் எனக்கு நேர்முகத் தேர்வு. மகள் பிறந்தபோது சென்னையில் நிரல் எழுதும் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவள் நான். கணவருக்குக் கப்பலில் வேலை. பாதி வருடம் கடலில்தான் இருப்பார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் திரும்ப வேலை தேட ஆரம்பித்தேன். என் விண்ணப்பத்தில் அந்த இடைவெளியைப் பார்த்ததும் ஒவ்வொரு நிறுவனமும், வீடு மாறிப் பெண் பார்க்க வந்துவிட்டவர்கள் மாதிரி நாசூக்காக எழுந்து போனது. இந்த முறை சிங்கப்பூரில் உள்ள ஒரு சிறு நிறுவனம். வீட்டிலிருந்தே பார்க்கலாம். நெல் மூட்டைக்குள் செருகினால் ஈரப்பதம் சொல்லும் சின்னக் கருவி ஒன்றுக்கு நான் சி மொழியில் எழுதிய நிரல் அவர்களுக்குப் பிடித்திருந்தது. காணொளி அழைப்பில் அவர்கள் கேட்கும் ஒரு மாற்றத்தை அவர்கள் கண்முன்னே செய்து ஓட்டிக்காட்ட வேண்டும். இதுவும் கைவிட்டுப் போனால் இனி எங்கேயும் விண்ணப்பிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சொன்னாலும் வீட்டில் யாரும் வருத்தப்படப் போவதில்லை என்று நினைத்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் கருவி என்று பெயர் சொல்லக்கூடிய எதற்கும் ஓய்வு. அரிவாள்மனை, சுத்தியல், மாமாவின் மைப்பேனா, மகளின் பென்சில் டப்பா எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவோம். மறுநாள் காலை மறுபூஜை முடிந்து அத்தை எடுத்துக் கொடுக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. இந்த விஷயத்தில் அத்தையிடம் எந்தப் பருப்பும் வேகாது.

"ஒன் கம்ப்யூட்டரையும் குடும்மா, நான் தொடச்சு வைக்கேன்," என்று மாமா பழைய பனியன் துணியோடு வந்து நின்றார். மனிதர் தாமாக வந்து வேலை கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில் கொடுத்துவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போய்விட்டேன். சாயங்காலம் பார்த்தபோது அது அரிவாள்மனைக்கும் மைப்பேனாவுக்கும் நடுவில், மூடியின்மேல் பொட்டோடு, சமத்தாக உட்கார்ந்திருந்தது.

மறுநாள் அத்தை மறுபூஜையை ரொம்ப நிதானமாகச் செய்தாள். சாம்பிராணி போட்டாள், அணைந்தது, மறுபடி போட்டாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சாமி எங்கயும் ஓடிப்போவாது, பைய செய்வோம்," என்றாள். சாமி ஓடாது, சரி; சிங்கப்பூர்க்காரர்கள்? ஒருவழியாக மடிக்கணினி என் கைக்கு வந்தது. ஈரப்பதக் கருவியை ஒரு படி நெல்லில் செருகி அதோடு இணைத்தேன். எதற்கும் ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று நிரலைக் கம்பைலரிடம் கொடுத்தேன். நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தருவது அதுதான். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. ஹெடர் ஃபைலைக் காணோமாம்.

ஹெடர் ஃபைல் என்பது பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று, இவர் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா, அவர் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று அறிமுகம் செய்துவைப்பாரே ஒருவர், அந்த மாதிரி. எழுத்தைத் திரைக்கு அனுப்புவது யார், எண்ணை வாங்கிக்கொள்வது யார் என்று கம்பைலருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் சின்னக் கோப்பு. அவர் இல்லாவிட்டால் கம்பைலர் வந்தவர்கள் எல்லோரையும் முறைத்துப் பார்க்கும். யாரையும் உள்ளே விடாது.

"மாமா, நேத்து இதுல என்ன செஞ்சிய?" என்று கேட்டேன்.

"தொடச்சேன்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சிவப்பா ஒண்ணு நின்னுது. ஒன் வேலைக்குள்ள கருவி எல்லாம் பழசாப் போச்சு, புதுசாக்கட்டுமான்னு கேட்டுது. சரின்னேன். பழசு எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு, கழிக்கட்டுமான்னு கேட்டுது. கழின்னேன். ஆயுதத்தச் சுத்தம் பண்ணுத நாள்தானம்மா?"

கடவுச்சொல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அது பால்காரருக்கே தெரியும் என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. மாமனாரைத் திட்ட முடியாது என்பதால் மடிக்கணினியைத் திட்டினேன். சனியனே, அவர் சொன்னால் உனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று ஆரம்பித்து இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கருவிகளை முதலிலிருந்து நிறுவிவிடலாம் என்று பார்த்தேன். எங்கள் தெருவில் இணையம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி. மேல்மடைக்காரர்கள் எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு. மீதி நேரம் இவ்வளவு என்று காட்டிக்கொண்டிருந்தது, பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டே போனது. நிறுத்திவிட்டு, அந்தக் கோப்பு மடிக்கணினிக்குள் வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடவிட்டேன். அந்த நேரம் பார்த்து, அடுக்களையில் மாமா காப்பிப்பொடியைத் தேட, "பூசைக்கு ஒதுங்க வச்சப்ப மேல்தட்டுக்கு மாத்திட்டேன், இங்கன தேடுனா எப்படிக் கெடைக்கும்?" என்று அத்தை சத்தம் போட்டாள். சினிமாவாக இருந்தால் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் என் கண்கள் பளிச்சென்று விரிந்திருக்கும். எனக்குக் காப்பி இன்னும் வரவில்லையே என்று எரிச்சல்தான் வந்தது.

தேடியதில் கோப்பு அகப்பட்டது. புதுப் பதிப்பு ஹெடர் கோப்புகளை எல்லாம் மூட்டை கட்டி, ஏழெட்டு அறை தாண்டி ஓர் உள்ளறையில் கொண்டுபோய் வைத்திருந்தது. என் நிரலோ, பழைய அறையைத் தட்டிக்கொண்டு நின்றது. புது இடத்தைச் சொன்னேன். முதல் கோப்பு கிடைத்தது. அது கூட்டிவரும் அடுத்த கோப்பைக் காணோம். அதையும் காட்டினேன், மூன்றாவதைக் காணோம். இப்படி ஒவ்வொருவராகக் கைபிடித்து அழைத்து வந்தால் பொங்கல் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அழைப்பு வந்துவிட்டது.

எடுத்தேன். அந்தப் பக்கம் இருவர். ஒருவர் சிரிக்கவே காசு கேட்கிற ஆள்போல இருந்தார். இன்னொருவர் தமிழ்ப் பெண், என் வயதுதான் இருக்கும். உங்கள் முகம் தெரியவில்லையே, செக்கச்செவேல் என்று என்னவோ தெரிகிறதே என்றார் அந்தப் பெண். மூடிக்கு வைத்தது போதாது என்று மாமா திரைக்கு மேலே இருந்த கேமராக் கண்ணுக்கும் குங்குமம் வைத்திருந்தார். முந்தானையால் துடைத்தேன். துடைத்ததில் சந்தனமும் கலந்து நான் மஞ்சள்காமாலைக்காரி மாதிரித் தெரிந்தேன். இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். பூஜைக்காகக் கருவிகளைச் சுத்தம் செய்துவிட்டோம், ஹெடர் கோப்புகளைக் காணோம், தேடிக்கொண்டிருக்கிறேன் என்று. சிரிக்காத மனிதர், அப்படியானால் தேடுவதையே எங்களுக்குக் காட்டுங்கள் என்றார்.

காட்டினேன். ஒவ்வொரு கோப்பாகச் சொல்வதை விட்டுவிட்டு, இனிமேல் இதுதான் உன் வீடு, எது வேண்டுமானாலும் இதற்குள்ளேயே தேடிக்கொள் என்று அந்த உள்ளறை முழுவதையும் ஒரே வரியில் கம்பைலருக்கு எழுதிக்கொடுத்தேன். கூடவே அவர்கள் கேட்ட மாற்றத்தையும் செய்தேன். ஈரம் அளவை மிஞ்சினால் எச்சரிக்க வேண்டும், அவ்வளவுதான். விசையைத் தட்டியதும் திரை முழுக்கச் சிவப்பு வரிகளாகக் கொட்டின. எல்லாம் சும்மா எச்சரிக்கைகள், கம்பைலரின் முணுமுணுப்பு, எனக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவ்வளவு சிவப்பைப் பார்த்ததும் நேரே வந்து கேமராவுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"ஐயா, அம்மா, ஒரு நிமிசம். இந்தப் பிள்ள மேல ஒரு பெசகும் இல்ல. நல்லா ஓடிக்கிட்டிருந்தத நான்தான் புதுசாக்குதேன்னு கெடுத்துப்போட்டேன். தெனமும் விடியுமுன்ன எந்திச்சு, எங்க எல்லாருக்கும் செய்யவேண்டியதச் செஞ்சுட்டு, அதுக்குப் பொறவுதான் இதுக்கு முன்னால ஒக்காரும். யாரும் பாக்கலன்னு அது நெனச்சுக்கிட்டு இருக்கு. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். என்னால இந்த வேலை அதுக்குப் போயிரக்கூடாது. குத்தத்த எம்பேர்ல எழுதிக்கோங்க."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு வரிகள் ஓய்ந்து, கருவியைச் செருகிவைத்திருந்த நெல்லின் ஈரப்பதமும், அளவை மிஞ்சிவிட்டது என்ற எச்சரிக்கையும் திரையில் வந்து நின்றன. ஓடிவிட்டது மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண், "ஐயா, அது ஓடிருச்சு. திரையைப் பாருங்க," என்றார். மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். புரிந்ததோ இல்லையோ, நிமிர்ந்து அவர்களிடமே, "அப்ப வேலை உண்டும்லா?" என்று கேட்டார். நான் இத்தனை நேர்முகத் தேர்வுகளில் ஒரு தடவையாவது நேராகக் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி.

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவருக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவர் முதல் தடவையாகச் சிரித்துத் தலையாட்டினார்.

"உண்டு ஐயா," என்றார் அந்தப் பெண்.

மாமா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் இருந்த அத்தையிடம் ஓடினார். "ஏளா, நம்ம பிள்ளைக்கு வேலை கெடச்சிட்டு!" என்று அவர் போட்ட சத்தம் தெருமுக்கு வரை கேட்டிருக்கும். சம்பளம், சேரும் நாள் என்று அந்தப் பெண் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவர்கள் இருவருக்கும் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.