சோபாவில் ஓட்டிப் பழகிய ஸ்கூட்டர்

அம்மாவுக்கு முழங்கால், அத்தைக்குத் தோள்பட்டை. சைனிக்புரியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் இந்த இரண்டையும்தான் நலம் விசாரிக்க வேண்டும். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் இந்தச் செகந்திராபாத்திலேயே ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகு இரண்டு பேரும் என்னோடு இருக்கிறார்கள். கீழே விழுந்ததை அம்மாவால் குனிந்து எடுக்க முடியாது, அத்தை எடுத்துக் கொடுப்பாள். மேல்தட்டு டப்பா அத்தைக்கு எட்டாது, அம்மா இறக்கித் தருவாள்.

காலையில் காபியோடு போட்டி ஆரம்பமாகும்.

"ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல" என்பாள் அம்மா.

"நீங்க படுக்கவாவது செஞ்சீங்க அண்ணி. எனக்கு இந்தப் பக்கமும் நக்கோ, அந்தப் பக்கமும் நக்கோ. உக்காந்தே விடிஞ்சுது" என்பாள் அத்தை. பிறந்து வளர்ந்தது இந்த ஊர் என்பதால் வேண்டாம் என்ற சொல்லே அவள் வாயில் வராது.

நான் பயந்தாங்கொள்ளி. குனியாதே, தூக்காதே, படி ஏறாதே என்று தடை மேல் தடை போட்டேன். உட்கார்ந்தே இருந்ததில் இருவருக்கும் வலி கூடியதுதான் மிச்சம். டாக்டர் பரிசோதித்துவிட்டு, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், அசைவுதான் மருந்து என்று சொல்லி, வீட்டுக்கே வரும் ஒரு பிசியோதெரபிஸ்டை ஏற்பாடு செய்துகொள்ளச் சொன்னார்.

வந்தவர் என் வயதுக்காரப் பெண்மணி. பக்கத்தில் இருக்கும் மௌலா அலியிலிருந்து வருவார். அங்கே தமிழ் அண்டை வீட்டாரிடம் கற்ற தமிழில் உருதுவைத் தாராளமாகக் கலந்து பேசுவார். எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அழுத்திப் பார்த்து, காலையும் கையையும் மடக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "வலி கொஞ்சம் கம்மியானா என்னம்மா செய்யணும் உங்களுக்கு?" என்றார்.

கோயில், சமையல் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "இவ ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து ஒரு தடவ போகணும்."

அத்தைக்குக் காபி புரையேறிவிட்டது. "இத்தன வருஷமா தெனம் உங்க கண்ணு முன்னாடிதானே ஓட்டிட்டுப் போனேன்? கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனே அண்ணி!"

"நீ வான்னு சொல்லலியே!"

"வேண்டவே வேண்டாம்" என்றேன் நான்.

"காய்கூ? ஏன் வேணாம்?" என்று உருதுவிலும் தமிழிலுமாகக் கேட்டு பிசியோ அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கேவா போறாங்க? பழகிட்டுப் போகட்டும்."

அப்படித்தான் பயிற்சி தொடங்கியது. முதலில் வெந்நீர் ஒத்தடம். பிறகு அம்மா நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். அத்தை சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே நகர்த்த வேண்டும். அவள் தொட்ட உயரத்தில் அம்மா ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். நாளாக ஆக, ஹால் சுவரில் பொட்டுகள் மெதுவாக மேலே ஏறின. பல்லைக் கடித்துக்கொண்டு செய்யக் கூடாது என்று பிசியோ அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வலி மோசமான நாளில் பாதி செய்தால் போதும். ஆனால் ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது.

வண்டியில் ஏறிப் பழகச் சோபாவின் கைப்பிடி. அத்தை முன்னால் முக்காலியில் உட்கார்ந்து துடைப்பக்கட்டையை ஹேண்டில்பாராகப் பிடித்துக்கொள்வாள். அம்மா கைப்பிடியில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் நான் வீட்டிலிருந்தே ஆன்லைன் ஆபீஸ் மீட்டிங்கில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து, "அண்ணி, ஸ்பீட் பிரேக்கர்! கெட்டியா புடிங்க!" என்று குரல் வந்தது. தொடர்ந்து வாயாலேயே ஹாரன். மீட்டிங்கில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் அவசரமாக மைக்கை அணைத்தேன்.

பிசியோ அம்மா சரி என்று சொன்ன பிறகு, அத்தை சில காலைகள் தனியாக ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரு காலியாக இருந்த நேரம். அம்மா வாழ்க்கையிலேயே முதல்முறையாக என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டோடு வாசல் படியில் நின்றாள். படியிலிருந்து சீட்டுக்குக் கால் ஒரே தூக்கில் போய்விட்டது. "ஏறிட்டேண்டி!" என்று கத்தினாள்.

வண்டி கிளம்பியது. நான் நைட்டியோடு பின்னால் ஓடினேன்.

"அத்தை, மெதுவா!"

"மெதுவாத்தான் போறேன், நீதான் ஓட மாட்டேங்கிற!"

நாயோடு நடந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் ஓரமாக ஒதுங்கி, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். ஒரு கையை எடுத்து அவருக்குப் பதில் சல்யூட் வைக்கப் போனாள் அம்மா. நான் அலறினேன். அவள் கையை மறுபடி அத்தையின் இடுப்பில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை. தெருமுனை திரும்பியும் கேட்டுக்கொண்டே இருந்தது. பூங்காவைச் சுற்றிக்கொண்டு வந்தவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தவில்லை.

"இன்னொரு ரவுண்டு போலாமா அண்ணி?"

"ஹவ்!" என்று இந்த ஊர் பாஷையில் ஆமாம் சொன்னாள் அம்மா. தஞ்சாவூரிலிருந்து வாழ வந்து இத்தனை காலமாகத் தன் வாயிலிருந்து ஒரு ஊர்ச்சொல்லைக்கூட விடாதவள். நான் காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் அம்மாவின் முழங்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. நான் உடனே பிசியோ அம்மாவை வரச் சொன்னேன். பிசியோ அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த தடவை ஒரே ரவுண்டோடு இறங்கிவிடுங்கள் என்றார்.

"ரொம்ப வலிச்சுதாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"வலிச்சுது, வலிச்சுது" என்றாள் அம்மா அலட்சியமாக. "அத விடுங்க. அந்தத் திருப்பத்துல இவ வண்டிய எப்படிச் சாய்ச்சா தெரியுமா?" என்று காலை நீட்டிக்கொண்டு முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அத்தை நடுநடுவே ஹாரன் அடித்தாள்.