நான் எழுதிய கேள்வி

"ரேகை வைக்கிற வீட்டுப் பொண்ணு, கவர்மெண்ட் பைல்ல நீ இன்னாம்மா எழுதப் போறே?" என்று பெங்களூர் விவேக் நகரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் வீட்டுக்காரம்மா கேட்டார். வங்கியில் அதிகாரியாக இருந்த என்னை மூன்றாண்டுப் பணிக்கு மாநில நிதித் துறைக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்காக நான் வாங்கிப்போன மைசூர்பாகைத் தின்றுகொண்டேதான் கேட்டார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா, அதாவது என் அப்பா, கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். எந்தக் காகிதத்திலும் கட்டைவிரல்தான். சுரங்கத்தை மூடி இத்தனை வருடமாகியும் தூசி அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. நாலு படி ஏறினால் நின்றுவிடுவார். அம்மாவோடு பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டால், "அங்க வந்து யார்கூட இருமுறது?" என்று சிரிப்பார்.

வங்கியில் ஒருவருக்கு இல்லை என்றால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நிதித் துறையில் முகம் கிடையாது, கோப்புதான். நான் குறிப்பு எழுதுவேன், மேலே இருப்பவர்கள் அதன்கீழ் கையெழுத்திடுவார்கள். சரி என்று எழுதினால் நாளைக்கு நம்மைக் கேட்பார்கள், கேள்வி எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எங்கள் பிரிவில் வேடிக்கையாகச் சொல்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு ஜனவரியில் அந்தக் கோப்பு வந்தது. தங்கவயலில் பழைய சுரங்கத் தொழிலாளர்களுக்காக மூச்சுச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப் பணம் கேட்டிருந்தார்கள். காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு வரி எழுதினால் போதும்.

சொந்தக்காரர்கள் சம்பந்தப்பட்ட கோப்பு என்றால் அதைச் சொல்லி வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். நான் சொல்லவில்லை. எந்த ஊர் மேடம் என்று கேட்டவர்களிடமெல்லாம் பெங்களூர் என்றே சொல்லியிருந்தேன். என் கன்னடத்தில் யாரும் குறை கண்டதில்லை. இப்போது ஊரைச் சொன்னால் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டைச் சொல்ல வேண்டும், நைனாவைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் சரி என்று எழுதி, பின்னால் தெரிந்துவிட்டால், சொந்த ஊருக்குச் செய்துகொண்டாள் என்பார்கள். அதனால் வேறு எந்த ஊருக்கும் நான் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன்: பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் மருத்துவச் சான்றுடன் பட்டியல் அனுப்பவும்.

"நல்ல கேள்வி மேடம்" என்று மேலதிகாரி கையெழுத்திட்டார். அன்று முழுவதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் நைனா போன் செய்தார். "கண்ணு, நம்மூருக்கு மூச்சு வார்டு வருதாமே. உங்க ஆபீஸ்லதான் பைல் கீதாம். எம்பொண்ணு கீறா, பயப்படாதீங்கடான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"பாக்குறேன் நைனா" என்றேன்.

பட்டியல் வரவில்லை. மார்ச் முடிந்தது, அந்த வருட ஒதுக்கீடும் அதோடு போனது.

மழைக்காலத்தில் ஒரு காலை, நைனாவைப் பெங்களூருக்குக் கொண்டுவருவதாக அம்மா ஆம்புலன்ஸிலிருந்து கூப்பிட்டாள். நான் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் காத்து நின்றேன். வழியில் ஒசகோட்டே ஊரைத் தாண்டுவதற்குள் நைனாவின் மூச்சு நின்றுவிட்டது. உள்ளூரில் அந்தப் பிரிவு இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

சாவு வீட்டில் நைனாவின் கூட்டாளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் அதே இருமல். "எவனோ ஏசி ரூம்ல குந்திக்கினு கேள்வி போட்டு திருப்பி அனுப்பிட்டானாமே பாப்பா. எவன்னு தெரிஞ்சா சொல்லு, நாலு கேள்வி நாங்க கேக்குறோம்." பக்கத்தில் இருந்தவர்கள் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நைனாவை எடுக்கும்வரை நிமிரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனதும் ஒரு கடிதம் எழுதினேன். இது என் ஊர், இறந்தவர் என் தகப்பனார், அதை மறைத்து அந்தக் கேள்வியை எழுதியது நான், இனி இந்தக் கோப்பை வேறொருவர் பார்க்கட்டும், என்னை வங்கிக்கே அனுப்பிவிடுங்கள். மேலதிகாரி இரண்டு முறை படித்தார்.

"எதுக்கு மேடம்? யாருக்கும் தெரியாதே."

"எனக்குத் தெரியும் சார்."

வங்கிக்குத் திரும்பி இரண்டு மாதமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் தங்கவயலுக்குப் போனேன். முதலில் நைனாவின் கூட்டாளி வீடு. வாசலில் நின்றே சொன்னேன்: "அந்தக் கேள்விய எழுதுனது நான்தான், மாமா."

மாமா எழுந்து உள்ளே போனார்; திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சம்சாரம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் மாமாவின் எக்ஸ்ரேயும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் இருந்தன. நான் கோப்பில் கேட்ட அந்தப் பட்டியலில் முதலாவதாக மாமாவின் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். சாயங்கால ரயிலுக்குள் அந்த லைனில் பதினோரு வீடு முடித்தேன்.