கும்பிட மாட்டேன் என்றவள்

என் ஓரகத்தி பில்ரே வாங்கிய அடிகளை நான் எண்ணிக்கொண்டிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

கொரியாவில் ஆந்தோங் ஊர்ப் பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் வீடு. மூத்தவர் தோ-சிக்கின் மனைவி அவள். இளையவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். செத்துப்போன பெரியவர்களுக்கு வருஷத்தில் பதினோரு படையல். சமைத்து வைத்துவிட்டு, எல்லாரும் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில்தான் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த சபைக்குப் போக ஆரம்பித்தோம். இருவருக்கும் ஞானஸ்நானம் எடுக்க ஆசை. அவளுக்கு அது வெறும் ஆசை இல்லை, தவிப்பு.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் மூப்பர்கள் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். படையலைக் கும்பிடுகிறாயா? படையலுக்குச் சமைக்கிறாயா? நான் இரண்டையும் செய்துகொண்டே, "ஐயோ, அதெல்லாம் விட்டுட்டேங்க" என்றேன். தண்ணீர் தெளித்துவிட்டார்கள். பில்ரே கும்பிடுவதை நிஜமாகவே விட்டிருந்தாள். ஆனால் "சமைக்கிறேன்" என்றாள். திருப்பி அனுப்பினார்கள். மறு வருஷமும் அதே கதை.

"ஒரு பொய் சொன்னா என்னக்கா குறைஞ்சிடும்?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லியா அந்தத் தண்ணிய வாங்கறது? போடி."

"அப்ப சமைக்கிறத விடு."

"சண்டைக் காலத்துல அத்தை தன் பங்கு கஞ்சிய எனக்கு ஊத்திட்டு, மரப்பட்டைய மென்னு செத்தாங்கடி. அவங்க பேரைச் சொல்லி ஒரு கிண்ணம் சோறு வைக்கிறேன். சாமின்னு கும்பிடல."

அந்த வருஷம் அறுவடைப் பண்டிகையான சூசோக்குக்கு மூன்று நாள் அடுப்படியில் நின்றாள். பைன் இலை மேல் கொழுக்கட்டை அவித்தாள், மீன் பொரித்தாள். பண்டிகைக் காலையில் மேசையை அடுக்கிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"வந்து கும்பிடுடி" என்றார் தோ-சிக்.

"மாட்டேங்க."

கொண்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். கழுத்தில் கை வைத்து அழுத்தினார். அவள் இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி முகத்தைத் தூக்கியே வைத்திருந்தாள். விலாவில் உதைத்தார். ஊன்றிய கையை மிதித்தார், விரல் ஒடிந்தது. அப்போதும் தலை இறங்கவில்லை. பித்தளைத் தூபக்காலை எடுத்து ஓங்கி அவள் மண்டையில் போட்டார். சாம்பலும் ரத்தமும் கொழுக்கட்டை மேல் தெறித்தன. இந்த நேரமெல்லாம் நானும் என் புருஷனும் நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டு கிடந்தோம். தோ-சிக் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து மிச்சக் கும்பிட்டையும் முடித்தார், பாவி.

தலையில் கட்டோடுதான், சபையில் ஞானஸ்நானம் கொடுக்கும் நன்றிப் பண்டிகைக்கு முன், மறுபடி மூப்பர்களிடம் போனாள். துணைக்கு நானும் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"தலையில என்ன?" என்று கேட்டார் மூப்பர் மா.

"கும்பிட மாட்டேன்னேங்க."

"நல்லது. இந்தத் தடவை சமைச்சியா?"

"சமைச்சேங்க."

"பிசாசுக்குப் பந்தி வைக்கிற கையால கர்த்தரோட அப்பத்தைத் தொடுவியா?"

அவள் வீங்கின விரலைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கையைத்தாங்க மிதிச்சாரு."

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று நோட்டை மூடிவிட்டார். ஞானஸ்நானம் பெற்ற நான் வாயைத் திறக்கவில்லை. என் நாக்கு அழுகிப்போக!

திரும்பி வரும் வழியில் இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். நாலாம் நாள் காலை எழுந்திருக்கவே இல்லை. போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, "கிணத்தடியில வழுக்கிட்டா" என்றார் தோ-சிக். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆமாங்க, வழுக்கிட்டாங்க" என்றேன். சபைக்கு ஓடினேன். ஞானஸ்நானம் இல்லாதவளுக்குச் சபை அடக்கம் கிடையாது என்றார்கள்.

புது வருஷப் பண்டிகைக்கு அவள் படமும் படையல் மேசைக்கு வந்துவிட்டது. அடித்தவரே அதன் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"இளையவளே, அக்காவைக் கும்பிடு" என்றார்.

என் முட்டி மடங்கவில்லை.

"ஏன், அந்த வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சா?"

"அக்கா வழுக்கி விழல மாமா. நீங்க கொன்னீங்க."

என் புருஷன் பாய்ந்து என் வாயைப் பொத்தினார். கடித்தேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து என்னைப் புரட்டி எடுத்தார்கள். முன்பல் இரண்டு போயிற்று. இடது காது இன்றைக்கும் கேட்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீங்கிய முகத்தோடு மூப்பர் மாவின் முன்னால் போய் நின்றேன்.

"நான் பொய் சொல்லி வாங்கினேங்க. படையல் சமைச்சேன், கும்பிட்டேன், எல்லாம் செஞ்சேன். என் பேரை அடிச்சிட்டு அங்க அக்கா பேரை எழுதுங்க."

அவர் நோட்டைத் திறக்கவே இல்லை.

"ஒருத்தருக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தை எடுத்து இன்னொருத்தருக்குத் தர முடியாதும்மா. அது கர்த்தர் கொடுத்தது."

"எனக்குக் கொடுத்தது கர்த்தர்னா, அவளுக்கு இல்லேன்னது யாருங்க?"