திங்கட்கிழமை வரைக்கும்

பணம் சம்பாதிக்கிற கஷ்டத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். வந்த பணத்தை நாலு நாள் பத்திரமாக வைத்திருப்பது இருக்கிறதே, அப்பப்பா! எழுபதுகளின் கடைசியில், நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது, அம்மா அதைப் பட்டுத் தீர்த்தாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து தாத்தா வந்து, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சித்திக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை இங்கே திருவண்ணாமலையில் பணம் கட்ட வேண்டும். ஊரில் வைத்திருந்தால் ஆளாளுக்குக் கைமாற்று கேட்பார்கள் என்று மகளிடம் கொண்டுவந்துவிட்டார். பாவம், எங்கள் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியாது.

எங்கள் அப்பா தங்கமான மனுஷர். அதுதான் சங்கடமே. சித்தப்பா "அண்ணா" என்று இழுத்தால் போதும், கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார். சித்தப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. சைக்கிள் கடை, சோடா கடை என்று ஒவ்வொன்றாகத் திறந்து ஒவ்வொன்றாக மூடியவர். இப்போது கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டத்தை நம்பி மாடவீதியில் பாத்திரக் கடை போடப்போகிறேன் என்று தினமும் வந்து நின்றார்.

போஸ்டாபீஸ் கணக்கு அப்பா பேரில் இருந்தது. அதனால் அம்மா பணத்தை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். எலி கடித்துவிட்டால்? எடுத்துத் துணிப்பெட்டியில் புடவை மடிப்பில் வைத்தாள். அப்பா வேட்டி தேடி அந்தப் பெட்டியைத்தான் குடைவார். தலையணை உறைக்குள் போட்டாள். நான் படுத்தால் அது சரசரத்தது. "புரளாம படுடி!" என்று அதட்டினாள். அடுப்பில் குழம்பு பொங்கி வழியும், இவள் உள்ளே எதையாவது தடவிக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

கடைசியில் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அப்பாடா! சாமிக்கு முடிந்ததை எவன் தொடுவான்?

வெள்ளிக்கிழமை படத்துக்குப் பூ வைக்கப் போன அப்பாவின் கையில் முடிச்சு தட்டுப்பட்டது. பக்கத்திலேயே சித்தப்பா.

"என்னா இது?" என்றார் அப்பா.

அம்மா சித்தப்பாவை ஒருமுறை பார்த்தாள். "வேண்டுதலுங்க. அண்ணாமலையாருக்கு முடிஞ்சி வெச்சேன்."

சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது. தப்பித்தோம் என்று அம்மா நினைத்திருப்பாள். ஆனால் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போன மாதம் தான் காய்ச்சலில் படுத்தபோது பெண்டாட்டி வேண்டிக்கொண்டது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

"கெளம்பு, இப்பவே போட்டுட்டு வந்துடலாம்."

"திங்கக்கெழம போலாங்க."

"சாமி காச வீட்ல வெச்சிக்கினு இருக்கக் கூடாது அண்ணி," என்றார் சித்தப்பா. தனக்குக் கிடைக்காத காசு யாருக்குப் போனால் அவருக்கென்ன!

படத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க அம்மாவுக்குப் பயம். கோயிலில் உண்டியலுக்கு எதிரே கையை மூடிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். "போட்டுட்டு நகரும்மா" என்று பின்னால் நெருக்கினார்கள். முடிச்சு பெரிசு, உண்டியல் வாய் சின்னது. அப்பாதான் விரலால் அழுத்தி உள்ளே தள்ளினார். அம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "உங்கம்மாவுக்கு என்னா பக்தி பாரு" என்று அப்பா பூரித்துப்போனார். நானும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பணம் கட்டாமல் சித்தியின் இடம் போய்விட்டது. தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள். எனக்கு ஒரே குஷி. பந்தியில் உட்கார்ந்து ஜாங்கிரியாகத் தின்று தீர்த்தேன். மணவறையில் சித்தி குனிந்த தலை நிமிரவே இல்லை. அம்மா அவள் பக்கமே போகாமல், பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர்களோடு சேர்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, இவளுக்கு இதெல்லாம் என்ன வேலை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.