கொண்டைக்குருவியும் அணிலும்: அடையாற்றில் ஒரு கொய்யாத் தோட்டம்

எனக்கு மயிலாப்பூரில் பழ வியாபாரம். அடையாற்றில் ஒரு கொய்யாத் தோட்டத்தின் மகசூல் குத்தகைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, பங்குனி பிறந்ததும் பார்த்துவரப் போனேன். இப்படித் தோட்டம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குக் குளத்தங்கரையில் ஜட்கா பிடித்தேன். மூன்று மைல் தூரம். போக வர, காத்திருக்கவும் சேர்த்துப் பத்தணா. பாலத்தின் மேல் நல்ல கடற்காற்று. குதிரைகூட நடையைத் தளர்த்திக்கொண்டது.

தோட்டத்துக்காரர் முனுசாமி ஒரு கூடையைக் கவிழ்த்து, காவலாக உட்கார்ந்திருந்தார். உள்ளே வலையில் சிக்கிய கொண்டைக்குருவி. மருதாணி வேலியில் அதன் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

"இதான் நைனா பழத்தெல்லாம் துன்னுது. சாயங்காலம் குருவிக்காரன் வந்து வாங்கிக்குவான்."

"மரத்தில் அணிலும் ஓடுகிறதே?"

"அத்த ஒண்ணும் பண்ணக்கூடாது. ராமரு தடவிக் குடுத்த சீவன்."

அவர் மனைவி கன்னியம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "முதுவுல கோடு இருந்தா திருடன் சாமியாயிடுவானா? இரு, கரண்டியக் காய வெச்சு உனுக்கும் மூணு கோடு போடறேன். நீயும் சாமிதான்!"

நான் கீழே கிடந்ததைப் பொறுக்கிப் பார்த்தேன். குருவி கொத்தியவை எல்லாம் கனிந்து குழைந்த பழங்கள். அலகு பட்ட இடத்தில் குழி. செங்காய்களிலோ வரிவரியாகப் பல் பதிந்திருந்தது. அது அணிலின் வேலை. ஒன்றில் ஒரு கடி, உடனே அடுத்தது.

நான் பறிப்பது செங்காயாகத்தான். கனிந்ததை ஏற்றினால் மயிலாப்பூர் சேர்வதற்குள் கூடையிலேயே நசுங்கிவிடும். ஆகவே குருவி தின்பது எனக்கு உதவாத பழம். என் சரக்கில் கை வைப்பது ராமருடைய ஆள்தான்.

"கூடையைத் தூக்குங்கள், அச்சாரம் தருகிறேன். இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பச் சொல்கிறேன்."

"இன்னா நைனா, ஒரு குருவிக்காவ குத்தகையே நிறுத்துவியா?"

"தூக்கித் தொலையேன்யா, குஞ்சுங்க கத்தறது காதுல வுழலியா?" என்றாள் கன்னியம்மா.

தூக்கி, வலையைப் பிரித்துவிட்டார். குருவி நேராக வேலிக்குப் பறந்தது. கத்தல் அடங்கியது.

அணிலை அடிக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அது இறங்கி வரும் வழியாகக் கொய்யாவின் மேல் சாய்ந்திருந்த தென்னை மட்டைகளை மட்டும் வெட்டச் சொன்னேன். அதையும் மீறி வந்து தின்றால் ராமர் பேரில் எழுதிக்கொள்கிறேன்.

தோட்டம் பார்க்கப் போனால் வெயிலுக்கு முன் போங்கள். மரத்தில் தொங்குவதைத் தோட்டத்துக்காரரே காட்டுவார். தரையில் கிடப்பதை நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும். நான் வண்டி ஏறும்போது அந்தக் குருவி, உச்சிக் கொப்பில் எனக்கு உதவாத ஒரு பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. நடுநடுவே பாடவும் செய்தது.